பூட்டிக் கிடக்கும் வீடுகள்

நம் ஜில்லாவில் வீடு கட்டுவோர் ஒரு சாரார், அவ்வீட்டில் குடியிருப்போர் வேறொரு சாரார் என்னும் நிலைமை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. கடலூரில் மஞ்சக்குப்பம், செம்மண்டலம், கூத்தப்பாக்கம் ஆகிய பகுதிகளிலும், சிதம்பரத்தில் அண்ணாமலைநகரை அடுத்த தெருக்களிலும் நல்ல மாடி வீடுகள் பல எழும்பியிருக்கின்றன. அவற்றிற்குரியவரிற் பலரோ சென்னையிலும், பெங்களூரிலும், சிங்கப்பூரிலும், வளைகுடா நாடுகளிலும், அமெரிக்காவிலும் உத்தியோக நிமித்தம் வாழ்கின்றனர். பரங்கிப்பேட்டையினின்றும் லால்பேட்டையினின்றும் கடல் கடந்து பொருளீட்டச் சென்ற குடும்பங்கள் பல. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் கடலூரில் மனை வாங்கி வீடு கட்டியபின், பிள்ளைகளோடு அயலூர் சென்று தங்கினவரும் உளர். நம் கலாசாலையின் பழைய மாணாக்கரில் இத்தகையோர் சிலரேனும் இல்லாமல் இரார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், கட்டிய வீட்டைத் தொலைவிலிருந்துகொண்டு வாடகைக்கு விட்டுப்பார் என மூன்றாவதொன்றைச் சேர்க்காமற் போனது, அக்காலத்தில் அவர்கள் அவ்வளவு தூரம் போகாமையாற் போலும். இன்று அவ்வாறு விட முயல்வோர் படும்பாடு சிறிதன்று. கம்பிக் கதவில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்னும் அட்டை தொங்குகின்றது, வெயிலில் அதன் எழுத்தும் மங்கிப்போகின்றது, மாதங்கள் கழிகின்றன, ஆள் வருவதில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய தேசத்து நகரங்களில் மாத்திரம் ஏறக்குறைய 1.1 கோடி வீடுகள் ஆளின்றிக் காலியாய் இருந்தன. அதே நகரங்களில் வீடு கிடையாமல் அலைந்தவர் எத்தனை பேரென்பதை அக்கணக்கு சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் கலாசாலை வாயிலில் நிற்பவர்க்கு அது கணக்கின்றியே தெரியும்.

ஆகவே, குடியிருக்க ஆளில்லாமையாலன்று, ஆளை வரவிடாமையாலேயே இவ்வீடுகளிற் பெரும்பாலன காலியாய்க் கிடக்கின்றன என்பது எனது அபிப்பிராயம். அங்ஙனம் வரவிடாமற் செய்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே. பணம் மிகுதியாய்ச் செலவிட்டு விளம்பரம் செய்வதனாலோ தரகரை அமர்த்துவதனாலோ நீங்குங் குறையன்று இது.

முதலில் வாடகைத் தொகையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் வீட்டிற்கு மாதம் 8,000 ரூபாய் வேண்டுமென்கிறார். வந்தவரோ 7,000 தருவதாகச் சொல்கிறார். ஆயிரம் ரூபாயை விட்டுக்கொடுப்பதா என்று வீட்டுக்காரர் மறுத்துவிட, அவர் விரும்பிய ஆள் நான்கு மாதங் கழித்து வருகிறாரென்று வைத்துக்கொள்வோம். அந்நான்கு மாதத்தில் அவர் கைவிட்டது 28,000 ரூபாய். மாதம் ஆயிரமாக அதனை மீட்பதற்கு 28 மாதங்கள், அதாவது இரண்டாண்டும் நான்கு மாதமும், செல்லவேண்டும். அதுவரை அக்குடி அங்கேயே இருக்குமென்பது என்ன நிச்சயம்? பக்கத்தில் இருப்பவர்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். ஏனெனில் அவர் அப்பூட்டிய கதவை நாடோறும் பார்க்கின்றார். தொலைவிலுள்ளவரோ ஐந்தாண்டுக்கு முன் யாரோ சொன்ன வாடகையை மனத்திற் கொண்டு, அதற்குக் குறைந்தால் அவமானமென்று எண்ணுகின்றார். சிதம்பரத்தில் இவ்வகை எண்ணம் மிகுதி. 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் தொட்டு அவ்வூரின் வாடகை வீடுகளுக்கு ஆசிரியரும், அலுவலரும், மாணாக்கரும் நீங்காத ஆதரவாய் இருந்தனர். 2013இல் சர்க்கார் அப்பல்கலைக்கழகத்தைத் தம் நிர்வாகத்திற்குட் கொணர்ந்த பின்னர், மிகுதியெனக் கருதப்பட்ட ஆசிரியரும் ஊழியரும் பிற ஊர்களிலுள்ள சர்க்கார் கலாசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். பேராசிரியர் ஒருவர் குடும்பத்தோடு இருந்து பெயர்ந்த வீட்டிற்குப் பேராசிரியர் வாடகையையே இன்னுங் கேட்டுக்கொண்டிருந்தால் யார் வருவார்?

ஆளில்லாத வீடு வாடகையை மாத்திரம் இழப்பதாயின் அதனைப் பொறுக்கலாம். கடற்கரை ஊராகிய கடலூரில் அது தன்னையே இழந்துகொண்டிருக்கின்றது. உப்புக்காற்றில் சன்னற் கம்பிகள் துருவேறுகின்றன. பயன்படாத மோட்டார் இறுகிப்போகின்றது. கதவுநிலையிற் கறையான் ஏறுகின்றது. மாடியின் நீர்த்தாரையில் அரசங்கன்று முளைத்துச் சுவரைப் பிளக்கின்றது. வாரமொருமுறை பெருக்கித் துடைக்கும் குடியொன்று இருந்தால் இவற்றுட் பாதியும் நேரா. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைத் தாக்கியபோதும், 2015ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும், வீட்டில் ஆளிருந்தோர் முழங்காலளவு நீரிலும் சாமான்களை மேலேற்றி, மின்சாரத்தை நிறுத்தி, நீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டினர். பூட்டிய வீட்டிற்குள் புகுந்த சேறோ அங்கேயே காய்ந்து இறுகிவிடும். வாடகை கொடுப்பவர் வாடகை மாத்திரமா கொடுக்கின்றார்? அவரே சம்பளமில்லாத காவற்காரருமாவர். இதனைக் கணக்கிற் சேர்த்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

வீட்டுக்காரரின் அச்சத்திற்கு நியாயமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. காலி வீட்டை நம் சட்டங்கள் இருவேறு கண்களாற் பார்த்து வந்திருக்கின்றன. 1920ஆம் ஆண்டு ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தில், வீடு முப்பது நாளுக்குக் குறையாமல் தொடர்ந்து காலியாய்க் கிடந்தால் சொந்தக்காரருக்கு வரியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க விதியிருந்தது. பாவம், வாடகை வரவில்லையே என்னும் இரக்கம் போலும். பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது; நகரங்களில் ஜனங்கள் நெருங்கினர்; வீடு அருமையாயிற்று. 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அதன் வழியே வந்த 1946, 1949, 1960ஆம் ஆண்டுச் சட்டங்கள் வாடகைக்கு வரம்பு கட்டின. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றலாகாதெனத் தடுத்தன. வீடு காலியானால் அச்செய்தியைக் குறித்த நாளுக்குள் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டுமென்றும், சர்க்கார் ஊழியர் முதலியோர்க்கு அவ்வீட்டை அவர் எடுத்துக்கொள்ளலாமென்றும் விதி செய்யப்பட்டது. காலி வீடு, இரங்கத்தக்க நஷ்டம் என்பது போய், ஊரார்க்குக் கணக்குச் சொல்லவேண்டிய பொருள் என்றாயிற்று.

இச்சட்டங்களால் ஏழைக் குடிகள் பலர் தெருவிற்கு வராமற் காக்கப்பட்டனர். அதே சமயம், தாத்தா காலத்து வாடகையில் பேரன் குடியிருப்பதும், வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு நடந்து நடந்து வயது போக்குவதும் நிகழ்ந்தன. ‘ஒருமுறை விட்டால் வீடு போய்விடும்’ என்று பெரியவர்கள் சொல்லும் அச்சத்தின் வேர் அங்கேதான் உள்ளது. ஆனால் அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. வீட்டுக்காரர், குடியிருப்போர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புக்களையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்தது. நகரப் பகுதிகளில் வாடகை உடன்படிக்கை எழுத்திலேயே இருக்கவேண்டும். அதனை இதற்கென அமைந்த அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. குறித்த காலம் முடிந்தும் வீட்டை விடாதவர் வாடகையினும் மிகுந்த தொகை கொடுக்கவேண்டும் என்பன அதன் முக்கியமான கூறுகள். வாடகை இவ்வளவென்று சர்க்கார் வரம்பு கட்டிய காலம் போய், இருவரும் ஒப்பி எழுதியதே வாடகை என்றாகிவிட்டது. தொலைவிலுள்ளவர்க்கு இதனினும் பெரிய பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? எழுதிப் பதிவு செய்யும் சிரமத்திற்கு அஞ்சி வாய்ச்சொல்லில் வீட்டை விடுவோரே, பின்னர்ச் சட்டத்தின்மேற் பழி சுமத்துகின்றனர்.

மாத வாடகையை வசூலிக்கும் தொல்லை வேண்டாமென்று, பெருந்தொகை ஒன்றை முன்னதாக வாங்கிக்கொண்டு போக்கியத்திற்கு விடுவோரும் உளர். வெளியூரிலிருப்பவர்க்கு இது மிகவும் வசதியாகத் தோன்றும். ஆயின் அத்தொகை கடனென்பதை மறந்து, அதனை வேறொரு மனையிலோ பெண்ணின் கல்யாணத்திலோ செலவிட்டுவிட்டு, காலம் முடிந்ததும் அடுத்த ஆள் பணந்தந்தாலன்றி உமக்குத் திருப்பித் தர இயலாதென்று கைவிரிப்பவரை நாம் கண்டிருக்கின்றோம். குடியிருப்பவரது ஆயுட்காலச் சேமிப்பு முழுதும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். திருப்பித் தரும் தொகையை வங்கியில் தனியே வைக்க மனமில்லாதவர் இம்முறையை நாடாமலிருப்பதே நேர்மை.

இனி, ஊரிலுள்ள காரியஸ்தரைப் பற்றிக் கூறவேண்டும். சிதம்பரம் தாலுகாவில் வீராணம் ஏரிப் பாசனத்து நன்செய்களை உடையவராய், தாம் பட்டணத்தில் வசித்துக்கொண்டு, நிலத்தை வாரத்திற்கோ குத்தகைக்கோ விட்டிருந்த மிராசுதார்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவர்களுக்கும் உழுகுடிகளுக்கும் நடுவே காரியஸ்தர் நின்றார். களத்திற் குறைந்த நெல்லுக்கு அவர் முதலாளியிடம் மழையைக் காரணங் காட்டுவார்; குடியானவனிடம் முதலாளியைக் காரணங் காட்டுவார். உடையவன் பாராப் பயிர் உருப்படாதென்னும் பழமொழி வீட்டிற்கும் பொருந்தும். ஆயினும், காரியஸ்தரிற் பலர் கெட்டது அவர் குணத்தினால் மாத்திரமன்று. சரியான கூலியுங் கொடாமல், சிறு செலவிற்கும் அதிகாரந் தராமல், பொறுப்பை மாத்திரம் அவர் தலையிற் கட்டியதனாலுமாம். இன்றைக்கும் அதுவே நடைபெறுகின்றது. எதிர்வீட்டு மாமாவிடமோ, ஒன்றுவிட்ட தம்பியிடமோ சாவியைக் கொடுத்துவிட்டு, ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிச் சென்றுவிடுகின்றனர். குழாய் ஒழுகுகிறதென்று குடியிருப்பவர் அவரிடம் சொல்ல, அவர் கைப்பேசியிற் படமெடுத்துத் துபாய்க்கு அனுப்ப, அங்கே இரவா பகலா என்று பார்த்து மறுமொழி வர, 300 ரூபாய் வேலைக்கு மூன்று வாரங் கழிகின்றது. இரண்டு முறை இப்படி நேர்ந்தால் குடியிருப்பவர் வேறு வீடு பார்க்கத் தொடங்குகிறார். வாடகை மிகுதி என்பதினும், சொன்னதைக் கேட்க ஆளில்லை என்பதனாலேயே நல்ல குடிகள் பலர் பெயர்ந்து போகின்றனர்.

ஆதலின் சாவியை வைத்திருப்பவர்க்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையைக் கூலியாகவே கொடுத்து, இவ்வளவு ரூபாய் வரையில் எம்மைக் கேளாமலே பழுது பார்க்கலாமென்று எழுதியுங் கொடுத்துவிட வேண்டும். உறவினராயிற்றே, கூலி எப்படிக் கொடுப்பதென்று கூசுவோர், உறவையும் வீட்டையும் ஒருங்கே இழப்பர். காலி வீட்டை நிரப்புதற்கு மிகக் குறைந்த செலவுள்ள வழி, அதனைக் காலியாகாமற் காப்பதே. ஆண்டு முடிந்ததென்று 500 ரூபாய் உயர்த்தியதால் நல்ல குடியொன்று போய்விட்டால், ஒரு மாதக் காலி 7,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 7,000, ஆக 14,000 ரூபாய். வெள்ளையடிக்கும் செலவு வேறு. அந்த ஐந்நூறு இதனை ஈடுசெய்ய இங்கும் 28 மாதமே ஆகின்றது.

கடல் கடந்து வாழ்வோர்க்கு மற்றொரு செய்தி. வெளிநாட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர்க்கு வரிக்குட்பட்ட வாடகையைச் செலுத்துபவர், தொகை சிறிதாயினும், அதிலிருந்து வருமான வரியைப் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டவேண்டுமென்பது சட்டம். எளிய குமாஸ்தா ஒருவருக்கு இது எங்ஙனந் தெரியும்? வீட்டுக்காரர்தாம் முதலிலேயே எடுத்துச் சொல்லி, அதற்கு வேண்டிய உதவியையும் செய்யவேண்டும். மறைத்துவிட்டால் பின்னர் வரும் நோட்டீசு குடியிருப்பவர் பெயருக்கே வரும்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. ‘யாருக்கு விடுவது’ என்பதே வீடு காலியாய்க் கிடப்பதன் தலையாய காரணமென நான் எண்ணுகிறேன். அட்டையில் ‘வாடகைக்கு’ என்றிருக்கும். கதவைத் தட்டினால், அல்லது கைப்பேசியில் அழைத்தால், விலக்குகள் ஒவ்வொன்றாய் வெளிவரும். கல்யாணமாகாத இளைஞர்க்கு இல்லை. தனியே உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு இல்லை. மாமிசம் சமைப்பவர்க்கு இல்லை. வேறு மதத்தவர்க்கு இல்லை. பின்னர்ச் சற்றே குரலைத் தாழ்த்தி, ‘நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். அக்கேள்வி எதனை அறியக் கேட்கப்படுகிறதென்பது கேட்பவர்க்கும் தெரியும், விடை சொல்பவர்க்கும் தெரியும். நம் மாணாக்கரிற் பலர், விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைக்கு வருபவர். விடுதியில் இடங் கிடையாதபோது, நால்வர் சேர்ந்து ஒரு வீடு தேடிப் புறப்படுகின்றனர். கேட்கும் வாடகையைத் தர இயன்றும், அக்கேள்விக்கு விடை சொன்னபின் ‘வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்’ என்னும் பதிலோடு திரும்புகின்றனர். அடுத்த மாதமும் அவ்வீட்டில் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்.

தீண்டாமை காரணமாக ஒருவர் எவ்விடத்திலும் குடியிருப்பதைத் தடுத்தல் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. அச்சட்டத்திற்கு 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமென்று பெயர் மாறிற்று. ஆனால் சொல்லாமற் சொல்லும் மறுப்பைச் சட்டத்தாற் பிடிப்பது அரிது. ‘எனக்கொன்றுமில்லை, அக்கம்பக்கத்தார்தாம் விரும்பமாட்டார்கள்’ என்பது தொலைவிலிருப்போர் கூறும் வழக்கமான சமாதானம். இதனை லண்டனிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ கூறுவோர் ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். நிறத்தையும் பிறந்த தேசத்தையும் காட்டி வீடு மறுப்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முன்பு கண்கூடான வழக்கமாயிருந்தது. இரண்டு தேசங்களிலும் 1968ஆம் ஆண்டிலேயே அது சட்டத்தால் விலக்கப்பட்டது. அவ்விலக்கினால் பயனுற்று அங்கே வாடகை வீட்டில் குடிபுகுந்த நம்மவர், அங்கிருந்துகொண்டே கடலூரிலுள்ள தம் வீட்டிற்கு அத்தகைய அளவுகோலை வைப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்விலக்குகளினால் வரும் நஷ்டமொன்றை அவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நம் நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாறமாட்டார்கள். புரட்டாசியையும் பங்குனியையும் தவிர்ப்பவரும் உண்டு. ஆனி முடிவில் காலியான வீடு, ஆவணி பிறக்கும்வரை கேட்பாரற்றுக் கிடக்கும். அம்மாதங்களில் வீடு கேட்டு வருபவர் யார்? நாளும் மாதமும் பாராத கிறிஸ்தவர், முஸ்லிம்கள். கலாசாலை திறந்துவிட்டதே என்று தவிக்கும் மாணாக்கர். உத்தியோக மாற்றம் கிடைத்து உடனே வந்து சேரவேண்டிய இளைஞர். வீட்டுக்காரர் வேண்டாமென்று நீக்குகிறவர்களே ஆடியில் வரக்கூடியவர்கள்!

மாணாக்கர்க்கு விட்டால் வீடு கெட்டுவிடும் என்பர். சில இடங்களில் கெடுவதும் உண்டு. இரண்டு அறையுள்ள வீட்டில் தலைக்கு இவ்வளவென்று எட்டுப் பேரை அடைத்துவிட்டு, சுவர் அழுக்காயிற்றென்றால் அது யார் குற்றம்? அளவாக நால்வர்க்கு விட்டு, நால்வர் பெயரையும் உடன்படிக்கையில் எழுதி, அவர்தம் பெற்றோரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி, மாதமொருமுறை முன்னறிவித்துச் சாவிக்காரர் பார்த்துவந்தால் குடும்பத்தார்க்கு விடுவதினும் அச்சம் மிகுதியில்லை. மேலும், மாணாக்கர் இன்ன மாதத்திற் போவரென்பது முன்னரே தெரியும். அவர்கள் போகுமுன் தம் ஊர்த் தம்பிமாரைக் கொண்டுவந்து விட்டுச் செல்வர். தரகரும் வேண்டாம், அட்டையும் வேண்டாம்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ வீடுள்ள பழைய மாணாக்கர், வீடு காலியாகும் மாதத்தையும், கேட்கும் வாடகையையும், சாவி யாரிடத்தில் உள்ளதென்பதையும் குறித்துத் தம் பழைய ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு கடிதம் எழுதினாற் போதும். அது துறைதோறும் மாணாக்கர்க்குத் தெரிவிக்கப்படும், அவ்விளம்பரத்திற்குச் செலவொன்றும் இல்லை. இளம் ஆசிரியர் பலரும் வெளியூரினின்று நாடோறும் பேருந்தில் வந்து போகின்றனர். அவர்க்கும் அது பயன்படும். வைகாசி முடியுமுன் எழுதுவது நலம். அதன்பின் புதிய மாணாக்கர் வரத் தொடங்கிவிடுவர்.